காது மேடம் கட்டிய கயிறு

இலைகள் உதிரத் தொடங்கியதிலிருந்தே தன் வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் குடிவந்துவிட்டதாக ஊசிக்குத் தோன்றியது. அந்த ஆளைக் கண்ணால் பார்க்க முடியாது. ‘அவங்க’ என்கிற ஒற்றைச் சொல்லாக வந்து, சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் அவள் கணவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

“நனைஞ்ச தொப்பிக்குள்ள மெஷினைப் போட்டுக்கவே கூடாதுன்னு அவங்க சொன்னாங்க.”

“குளிருக்கு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுமாம். உபரி பேட்டரியைச் சட்டையோட உள்பையில, உடம்புச் சூட்டுல வெச்சுக்கணும்னு அவங்க சொன்னாங்க.”

“மஃப்ளரை மேல இழுத்துக் கழட்டக் கூடாதாம். சுத்துச் சுத்தா பிரிச்சுதான் எடுக்கணும்னு அவங்க...”

“சொன்னாங்க,” என்று ஊசி முடித்துவைப்பாள். “நான் சொன்னது ஏதாவது ஞாபகம் இருக்கா? பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே, அது?”

பால் மறந்திருக்கும்.

ஊசி என்பது அவளுடைய பெயர் அல்ல. கல்யாணமான புதிதில், கடையிலிருந்து வீடு திரும்பியவளை வாசற்கதவைச் சாத்தும் முன்பே இழுத்து அணைத்துக்கொண்டார் அவர். அவள் சட்டைக் காலரில் செருகி மறந்துபோன குண்டூசிகள் அத்தனையும் அவர் நெஞ்சில் இறங்கின. அன்று அலறிக்கொண்டே வைத்த பெயர். கடைத்தெருவில் பழைய உடுப்புகளைப் பிரித்து, பிடித்து, அளவு மாற்றித் தைத்துக்கொடுக்கும் ஆல்ட்டரேஷன் கடையில் அவளுக்கு வேலை. அவருக்கு நகரத்துப் பெரிய பூங்காவில் மரங்களையும் புல்தரைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த வேலைதான் அவர் காதைத் தின்றது. புல் வெட்டும் மெஷின், கிளை அறுக்கும் ரம்பம், இலை ஊதும் மெஷின் என்று வருஷக்கணக்கில் இரைச்சலோடு குடித்தனம் நடத்தியதில், முதலில் பறவைகள் வாயடைத்துப்போயின. அப்புறம் தொலைபேசி. அதற்கப்புறம் தங்கையின் குரல். “அதுல உங்க அண்ணனுக்கு லாபம்தான்,” என்று ஊசி நாத்தனாரைச் சீண்டுவாள்.

ஊசியின் குரல் மட்டும் கடைசிவரை போகவில்லை. அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. தோளில் இரண்டு தட்டு. பிறகு வலது காதோடு உதடு உரசுகிற நெருக்கத்தில் பேச்சு. வங்கியிலும் விருந்திலும் பஸ்ஸிலும் இதே கதைதான். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது நகைச்சுவை சொல்லி, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அவள் அதையே அவர் காதுக்குள் சொல்வாள். கொஞ்சம் உப்பு காரம் கூட்டியே சொல்வாள். ஊரெல்லாம் அடங்கியபின் அவர் ஒருவர் மட்டும் தனியாக வெடித்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கே அவளுக்கானது. அதில் பங்கு கேட்டு யாரும் வந்ததில்லை.

கோடை முடிகிற சமயத்தில் காது மெஷின் வந்தது. போய்க் காட்டுங்கள் என்று நச்சரித்தவளே அவள்தான். ஆனால் மெஷினைப் பொருத்திய தினத்தில் கடையில் பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவிந்துகிடந்தன. அவர் தனியாகத்தான் போனார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் தெளிவாகக் கேட்ட முதல் குரல் காது மருத்துவமனையில் மெஷின் பொருத்துகிற அந்த மேடத்தின் குரல் என்பது ஊசிக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது வேறு எதுவும் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முகம் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்போல இருந்தது. ஊசி பழக்கத்தில் தோளை இரண்டு தட்டுத் தட்டி, “கேட்குதா?” என்று கேட்க வலது காதருகே குனிந்தாள். அவ்வளவுதான். கொதிக்கும் கெட்டில்போல அந்த மெஷின் ‘கீ...ச்’ என்று வீறிட்டது.

“சீ! என்னங்க கருமம் இது! விசில் அடிக்குது!” ஊசி துள்ளிப் பின்வாங்கியதில் நாற்காலி சாய்ந்தது.

அவர் சிரித்தார். ஆனால் கை காதுக்குப் போனது.

மறுநாளிலிருந்து புது வழக்கம் ஒன்று ஆரம்பமாயிற்று. வேலையிலிருந்து வருவார். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இரண்டு மெஷின்களையும் கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, பேட்டரிக் கதவுகளைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட குட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். அதற்கப்புறம் விடியும்வரை பழைய செவிடர்தான்.

வெளியே ஊருக்கெல்லாம் காது. வீட்டுக்குள் வந்தால், பெண்டாட்டிக்கு மட்டும் மூடிய கதவு. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

“அது ஈரத்துக்காக இருக்கும் அண்ணி,” என்றாள் நாத்தனார். அவளும் அதே கடையில்தான், பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். “இப்பதான் எந்நேரமும் பிசுபிசுன்னு இருக்கே.”

“ஈரம் மழைக்கோட்டுலதானே? வீட்டுக்குள்ள நான் என்ன குடையா பிடிச்சுட்டு நிக்கறேன்? துடைச்சு, உள்ளே வெச்சு, மூடி மேல செல்லமா ஒரு தட்டு தட்டிட்டுத்தான் டீயே குடிக்கிறார் உங்க அண்ணன். சில நாள் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்க மறந்துடுவார். பெட்டிக்குள்ள கிடந்து அது கீச்சு கீச்சுன்னு கத்தும். அவருக்கு எங்கே கேட்கும்? நான்தான் போய் அடக்கணும்.”

“பெட்டி எவ்ளோ பெருசு?”

“சோப்பு டப்பா அளவு இருக்கும்.”

“அட! எங்க அண்ணன் சின்ன வீடு வெச்சிருக்கார்னு சொல்லுங்க!”

கடையே சிரித்தது. ஊசி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி செருகும் குட்டி மெத்தையில் குத்தினாள். கொஞ்சம் ஆழமாகவே குத்தினாள்.

“விடுங்க அண்ணி. அண்ணனோட மெஷினுக்கு அந்த மணியெல்லாம் எதுக்கு? உங்க காதுல வர்ற புகைக்கு மேல பிடிச்சா போதும். நல்லாக் காஞ்சுடும்.”

*

அடுத்த முறை காதைச் சோதிக்கப் போகும்போது ஊசியும் கூடவே கிளம்பினாள். அவர் ஆச்சரியப்பட்டார். “உனக்குக் கடை இல்ல?”

“கடை ஓடிடாது,” என்றாள். ஓடிப்போகக்கூடியது எது என்று சொல்லவில்லை.

அந்த அறையின் கதவு குளிர்சாதனப் பெட்டியின் கதவைப்போலத் தடியாக இருந்தது. தரையிலும் சுவரிலும் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தார்கள். தன் செருப்புச் சத்தம்கூடத் தனக்குக் கேட்காத அந்த அறையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள் ஊசி.

காது மேடம் இளம்பெண்ணாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேடத்துக்கு இவர்கள் வயதுதான் இருக்கும். குட்டை முடி. மூக்குக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நிதானமான, அவசரமே இல்லாத குரல்.

“இலை உதிர்ற காலம் வந்தாச்சு சார். எனக்கு வருஷத்துல இப்பதான் பயம். தொப்பி, மஃப்ளர், மழைக்கோட்டுன்னு தலைவழியா எதையாவது இழுத்துக் கழட்டுவீங்க. மெஷினும் கூடவே பறந்துடும். காஞ்ச இலையில விழுந்தா அதுவும் ஒரு இலைதான். நிறம்கூட அப்படியே.”

“நான் நாள் முழுக்க இலைக்குள்ளேயே கிடக்கிறவன் மேடம். என்னையே தேட வேண்டி வரும்.”

மேடம் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஊசி கைப்பையின் வாரைச் சுருட்டினாள்.

மேடம் மெஷின்களைக் கழற்றி, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, திரும்பப் பொருத்தினாள். விரல்கள் அவர் காதுமடலை மடக்கின, நிமிர்த்தின. இத்தனை காலமாக அந்தக் காதுப் பக்கம் போனவள் ஊசி ஒருத்திதான். அதைவிட அநியாயம், மேடத்தின் கை அவ்வளவு கிட்டப் போயும் மெஷின் கத்தவில்லை. சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருந்தது. என் மூச்சு பட்டால் மட்டும் ஊரைக் கூட்டுமா என்று ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்ப மெதுவாப் பேசறேன், கேட்குதான்னு பார்க்கலாம். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது.” மேடம் எழுந்து சில அடி தள்ளிப் போனாள். ஊசிக்கு முதுகைக் காட்டி நின்று, ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, ஏதோ கிசுகிசுத்தாள்.

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். வெறும் சிரிப்பில்லை. காது நுனி சிவக்கிற சிரிப்பு.

“கேட்டுடுச்சு. பாஸ்!” என்றாள் மேடம்.

ஊசிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிரிப்பு தன்னைத் தாண்டிப் போனது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெளியே வந்து கேட்கலாம் என்றிருந்தவள் பொறுக்க முடியாமல் அங்கேயே கேட்டுவிட்டாள்.

“என்னங்க சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

ஒண்ணுமில்ல, சும்மா. அவருக்கு எத்தனை ஆயிரம் சிரிப்புகளை அவள் திருப்பிச் சொல்லியிருப்பாள்! ஒரு தடவையாவது ‘சும்மா’ என்றிருப்பாளா?

மேடம் அதோடு விடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பின்னல் கயிற்றை எடுத்தாள். இரண்டு முனையிலும் மெஷினை மாட்டும் சின்ன வளையம், நடுவில் ஒரு கவ்வி. “இது நானே பின்னினது சார். மெஷின் கழண்டாலும் கீழ விழாது, முதுகுல தொங்கும். இலை விழுந்து முடியறவரைக்கும் கழட்டவே கழட்டாதீங்க.” பேசிக்கொண்டே அவர் பின்னால் போய், கழுத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, காலரில் கவ்வியை மாட்டிவிட்டாள்.

இன்னொருத்தி கட்டிவிட்ட கயிறு. என் புருஷன் கழுத்தில். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே.

வழியெல்லாம் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. பாதித் தெரு தாண்டியதும் ஊசி வாயைத் திறந்தாள்.

“முடிச்சு சரியில்ல.”

“என்ன?”

“கயிறு. முடிச்சு போடவே தெரியல அந்தம்மாவுக்கு.”

“எனக்கு நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கும், இருக்கும்.”

*

இரண்டு மதிய இடைவேளைகளில் ஊசி ஒரு குல்லா தைத்தாள்.

கோட்டுத் துணியில் மிஞ்சிய கெட்டியான கம்பளித் துண்டு. உள்ளே சுருள் சுருளான மெத்துத் துணி. இரு பக்கமும் காதை மூடும் மடல்கள், தாடைக்குக் கீழே ஒரு பொத்தான். அவர் தலையை அளக்க அவளுக்கு டேப் வேண்டாம். கையை வட்டமாக வைத்தாலே அளவு வந்துவிடும். இம்மி பிசகாமல் கவ்விப் பிடிக்கிற மாதிரி தைத்தாள்.

“இவ்ளோ இறுக்கமாவா?” என்றாள் நாத்தனார், குல்லாவுக்குள் கையை விட்டுப் பார்த்து.

“காத்துகூட உள்ளே போகாது.”

“எந்தக் காத்து அண்ணி?”

ஊசி குல்லாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் கோட்டிலிருந்து கயிற்றைக் கழற்றி, தன் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டு, மேலே பொத்தான்களைக் கொட்டி மூடினாள். காலையில் குல்லாவை அவர் தலையில் வைத்து, தன் கையாலேயே பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“அந்தக் கயிறு...” என்று காலரைத் தடவினார் அவர்.

“கயிறு எதுக்கு? இது நான் தெச்சது. காதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்.”

“ஆனா அவங்க...” என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கினார். “நல்லா கதகதப்பா இருக்கு ஊசி.”

சன்னலில் நின்று பார்த்தாள். தெருமுனை திரும்பும்வரை அந்தக் கறுப்புக் குல்லா தெரிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்று அவளுக்கு டீ ருசித்தது.

*

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானத்திலிருந்தே காற்று பிடுங்கியெடுத்தது. கடைக்கு எதிரே இருந்த மரம் ஒரே பகலில் மொட்டையாயிற்று. விட்டு விட்டுத் தூறல். ஊசி வீடு திரும்பி, டீ போட்டு, அது ஆறி, மேலே ஆடை படிந்தும் அவரைக் காணோம். தொலைபேசியில் கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்தாள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. புல்தரையின் ஓரமாக, அன்று கூட்டிச் சேர்த்த இலைக் குவியல்கள் இடுப்புயரத்துக்கு வரிசையாக நின்றன. கடைசிக் குவியலருகே முட்டிபோட்டு, இரண்டு கையாலும் இலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். முட்டி இரண்டும் சேறு. தலை வெறுந்தலை.

தோளில் இரண்டு தட்டு. அவர் நிமிர்ந்தார்.

ஊசி கேட்க வேண்டியிருக்கவில்லை. இடது காதில் மெஷின் இருந்தது. வலது காது வெறுமையாக இருந்தது. அவளுடைய காது.

“தூறல் விட்டுச்சு. வேர்த்துதேன்னு கழட்டினேன்,” என்றார். “கொஞ்ச நேரம் கழிச்சுத் தடவிப் பார்த்தா இல்ல. எந்தக் குவியல் பக்கம்னும் தெரியல. காலையில லாரி வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போய் அரைச்சுடுவாங்க.”

எதைக் கழற்றினார் என்று அவர் சொல்லவில்லை. மழைக்கோட்டின் பையிலிருந்து கறுப்பாக ஒரு முனை எட்டிப்பார்த்தது. ஊசி அதை உருவினாள். குல்லாவின் வலது மடலை உள்புறமாகத் திருப்பி, டார்ச் அடித்தாள். மெத்துத் துணியில் ஒரு சுருள் மட்டும் நீளமாக இழுபட்டு வெளியே தொங்கியது. காதுக்குப் பின்னால் கொக்கிபோல வளைந்து உட்காருகிற மெஷின், அந்தச் சுருளில் மாட்டி, குல்லாவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. துணி பொய் சொல்லாது. அவளிடம் சொல்லவே சொல்லாது.

“காத்துதான் காரணம்,” என்றார் அவர் அவசரமாக. “பேய்க் காத்து இன்னிக்கு.”

ஊசி குனிந்து, மெஷின் இல்லாத அந்தக் காதருகே போனாள். அங்கே இப்போது எதுவும் வீறிடவில்லை.

“காத்து இல்லீங்க. நான். கயிறு இருந்திருந்தா தொங்கிட்டு நின்னிருக்கும். நான்தான் கழட்டி பொத்தான் டப்பாவுல போட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“சட்டைப் பொத்தான் தேடினப்போ பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் எடுத்து மாட்டிக்கல?”

“நீ ஒளிச்சு வெச்சதை நான் எப்படி எடுக்கறது?” என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல.

ஊசிக்கு அழ நேரமில்லை. அழுதால் வெளிச்சம் போய்விடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குவியல்களைப் பார்த்தாள். அத்தனையும் பழுப்பு. மெஷினும் பழுப்பு. கண்ணால் தேடினால் லாரி வந்துவிடும்.

கண்ணால்தானே தேட முடியாது?

“அது ஓடிட்டுத்தான் இருக்கா? பேட்டரி இருக்கா?”

“காலையிலதான் புதுசு போட்டேன்.”

“அப்போ அது கத்தும். பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டா கத்துமே, அதே மாதிரி. எங்கேயோ மூடிக்கிட்டுக் கத்திட்டுத்தான் இருக்கும்.”

அவர் சுற்றிலும் பார்த்துக் கையை விரித்தார். “காதுக்குள்ளேயே கத்தினாத்தான் அது எனக்குக் கேட்கும். இலைக்குள்ள கிடந்து கத்தினா, இந்த மெஷின் போட்டாலும் கேட்காது.”

“உங்களை யாரு கேட்கச் சொன்னா? நான் எதுக்கு இருக்கேன்? நகராம நில்லுங்க. இலையை மிதிக்காதீங்க.”

ஊசி குடையை வீசினாள். ஈரத்தில் முட்டிபோட்டு, முதல் குவியலில் காதை வைத்தாள். கன்னத்தில் ஈர இலைகள் சில்லென்று ஒட்டின. உள்ளே சரசரப்பு. சொட்டுச் சத்தம். வேறொன்றுமில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. காற்று ஓயும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, ஓய்ந்ததும் கேட்டாள். இத்தனை நாளாக எந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்தாளோ, அந்தச் சத்தம் வராதா என்று ஏங்கினாள். கத்தித் தொலையேன், சனியனே. என்னைப் பார்த்தால்தானே கத்துவாய். இதோ வந்திருக்கிறேன், கத்து.

கடைசிக்கு முந்தைய குவியலில், கொசு பாடுவதுபோல, இருக்கிறதா இல்லையா என்று ஒரு சத்தம்.

“இங்கே வாங்க! இதை அமுக்குங்க. அங்கே இல்ல, இங்கே. மெதுவா!”

அவர் பெரிய உள்ளங்கைகளை வைத்து இலைகளை அமுக்கினார். இலைகள் நெருங்க நெருங்க உள்ளிருந்த சத்தம் கூர்மையானது. கீச். அவர் கையைத் தளர்த்தினால் தேய்ந்தது. அமுக்கினால் வந்தது. “கொஞ்சம் இடது பக்கம். ஆங். அதேதான்.” ஊசி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே விரல்களை உள்ளே விட்டாள். நூலறுந்த ஊசியைப் பாயில் தேடுகிற விரல்கள் அவை. சுருண்ட ஓர் இலைக்குள், இலையின் குட்டிபோல ஒட்டிக்கொண்டு, கத்திக்கொண்டிருந்தது மெஷின்.

அவர் அதை வாங்கி, முதல் காரியமாகப் பேட்டரிக் கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. ஊசி தன் உள்சட்டையின் காய்ந்த விளிம்பை இழுத்து ஒற்றி ஒற்றித் துடைத்தாள். கதவைத் திறந்தால் கத்தாது. மேடமும் இப்படிக் கதவைத் திறந்துவிட்டுத்தான் அவர் காதில் கை வைத்திருப்பாள்; அவள் கையில் அது சமர்த்தாக இருந்ததன் ரகசியம் அப்போதுதான் ஊசிக்கு விளங்கியது. அதற்காக மேடத்தை உடனே மன்னித்துவிட முடியுமா என்ன?

ஈரப் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை இனியும் வைத்திருக்க அவளால் முடியவில்லை. வலது காதோடு வாயை வைத்தாள்.

“ஊரே பேசறதைக் கேட்கறீங்க. அந்தம்மா அட்டைக்குப் பின்னால முணுமுணுத்தாக்கூடக் கேட்குது. நான் பேசறப்போ மட்டும் கழட்டி மூடி வெச்சுடறீங்க. என் குரல் அவ்ளோ கசந்துபோச்சா?”

அவர் அவளையே பார்த்தார். நிஜமாகவே புரியாத முகம்.

“நீதானே அன்னிக்குச் ‘சீ’ன்னு துள்ளிக் குதிச்சே?”

“குதிச்சா?”

“அது ஏன் அப்படிக் கத்துதுன்னு மறுநாளே போன் பண்ணி மேடத்தைக் கேட்டேன். காதுக்கு ரொம்பக் கிட்ட ஏதாவது வந்தா கத்துமாம். எனக்கு அவ்ளோ கிட்ட வர்றது யாரு? சரி, வீட்டுல இது வேணாம்னு கழட்டிடறேன். இது காதுல இருந்தா நீ அடுப்படியிலேர்ந்தே கத்திச் சொல்லிட்டுப் போயிடுவே. கழட்டினாத்தானே பக்கத்துல வருவே?”

 ஊசிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதை விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

“அட்டைக்குப் பின்னால அந்தம்மா என்ன சொன்னாங்க?”

அந்த அரையிருட்டிலும் அவர் காது நுனி சிவப்பது தெரிந்தது. “‘கதவுக்கிட்ட உட்கார்ந்திருக்காங்களே, இவங்கதான் விசில் அடிக்க வைக்கிறவங்களா?’ன்னு கேட்டாங்க.”

ஊசி முதலில் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அவளிடம் வந்துசேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்ததும், காலிப் பூங்காவில் அவள் ஒருத்தி மட்டும் தனியாக வெடித்துச் சிரித்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் அவர் தலை காயவைக்கும் டிரையரைத் தேடினார்.

“வேணாம்,” என்று அவர் கையைத் தட்டிவிட்டாள் ஊசி. “சூடு ஆகவே ஆகாதுன்னு அவங்க சொன்னாங்கல்ல?”

“யாரு?”

“அவங்கதான்.”

“எவங்க?”

“போதும், பல்லைக் காட்டாதீங்க. பெட்டியை எடுங்க.”

நீல மணிகள் ஈரத்தைக் குடித்துக் குடித்து விடிவதற்குள் வெளிறிப்போயிருந்தன. அவர் பேட்டரிக் கதவை மூடினார். கையைக் குவித்து மெஷினைப் பொத்தி, அவள் காதருகே நீட்டினார். “கத்துதா?”

“கத்துது,” என்றாள் ஊசி. பாட்டு கேட்பவளைப்போலத் தலையை ஆட்டினாள்.

பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து கயிறு வெளியே வந்தது. பின்னலை அவள் தொடவில்லை. பின்னல் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இரண்டு வளையங்களின் முடிச்சையும் ஊசி முனையால் நெம்பி அவிழ்த்தாள். மெழுகு தடவிய தன் கோட்டு நூலால் இறுக்கித் தைத்து, தன் முடிச்சைப் போட்டாள். மேடத்தின் முடிச்சோடு அது அவர் கழுத்தில் ஏறுவதாக இல்லை.

“பழையது நல்லாத்தானே இருந்துச்சு?”

“வாயை மூடிட்டுத் திரும்புங்க.”

காலரில் கவ்வியை மாட்டினாள். குல்லாவின் காது மடல்களை முந்தின நாள் வந்ததும் வராததுமாகவே வெட்டியெறிந்திருந்தாள். இப்போது அது காதுக்கு மேலேயே நிற்கும் சாதாரணக் குல்லா. அதை அவர் தலையில் வைத்தாள். இரண்டு மெஷினும் இரண்டு காதிலும் இருந்தன. அவர் கழற்றவில்லை.

தோளில் இரண்டு தட்டு. ஊசி வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஏதோ சொன்னாள். மெஷின் ஊரைக் கூட்டியது. அவள் விலகவில்லை. அது கத்திக் கத்தி ஓயட்டும் என்று அங்கேயே நின்றாள்.

“என்ன சொன்னே?” என்றார் அவர். “வெறும் விசில்தான் வந்துச்சு.”

“அவ்ளோதான் சொன்னேன்,” என்று ஊசி வாசற்கதவைத் திறந்துவிட்டாள்.